பூட்டிவிட்டுச் சாவிக்கு விலை கேட்கும் திருடன்



சென்ற இதழில் துவரம்பருப்பிலும் பச்சைப்பயறிலும் வண்டு விழாமல் காப்பது எப்படி என்று எழுதியிருந்தேன். கும்பகோணத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் போட்டிருக்கிறார். "பருப்பு வண்டுக்கு வேப்பிலை சொன்னீர்கள், சரி. என் மகனுடைய கம்ப்யூட்டரில் ஏதோ புகுந்து எல்லாவற்றையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிறதாம். அதற்கு என்ன வேப்பிலை?" என்று கேட்டிருக்கிறார். வேடிக்கையாக எழுதியிருந்தாலும் அந்தத் தாயின் கவலை எனக்குப் புரிந்தது.

கம்ப்யூட்டர் சமாசாரம் நமக்கெதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நான் ப்ளஸ் டூ வரைதான் படித்தவள். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் நாத்தனார் மகனை உட்காரவைத்து, புரியும்வரை கேட்டுக்கேட்டுத் தெரிந்துகொண்டேன். "அத்தை, இவ்வளவு கேள்வி என் ஆபீசில்கூட யாரும் கேட்டதில்லை" என்று அலுத்துக்கொண்டான். கேட்காமல் எப்படி? இன்றைக்கு நம் வீட்டுக் கல்யாணப் போட்டோ, பிள்ளைகளின் மார்க் ஷீட், நிலத்தின் பட்டா சிட்டா நகல், மாமனாரின் ரத்தப் பரிசோதனை முடிவு என்று எல்லாமே அந்தப் பெட்டிக்குள்தானே போய் உட்கார்ந்திருக்கின்றன!

இது என்ன திருட்டு?

சாதாரணத் திருடன் பீரோவை உடைத்து நகையை எடுத்துக்கொண்டு ஓடுவான். இவன் எதையும் எடுத்துக்கொண்டு போவதில்லை. நம் பீரோவுக்கே புதிதாக ஒரு பூட்டுப் போட்டுவிட்டு, "சாவி வேண்டுமானால் இவ்வளவு பணம் அனுப்பு" என்று ஒரு சீட்டை ஒட்டிவிட்டுப் போய்விடுகிறான். நகை உள்ளேயேதான் இருக்கும். ஆனால் நமக்கு உதவாது. இந்த வேலையைச் செய்யும் புரோகிராமுக்கு 'ரான்சம்வேர்' என்று பெயர். ரான்சம் என்றால் பிள்ளை பிடிப்பவன் கேட்கிற பணயத் தொகை.

இது புதிதாக முளைத்ததும் இல்லை. 1989-லேயே ஜோசப் பாப் என்பவர், எய்ட்ஸ் நோய் பற்றிய தகவல் இருப்பதாகச் சொல்லி சுமார் 20,000 பிளாப்பிகளைத் தபாலில் பல நாட்டவருக்கு அனுப்பினார். அதைப் போட்டுப் பார்த்தவர்களின் கம்ப்யூட்டர் பிற்பாடு முடங்கியது. பனாமா நாட்டில் ஒரு தபால் பெட்டிக்கு 189 டாலர் அனுப்பச் சொல்லித் திரையில் எழுத்து வந்தது. அன்று தபால் பெட்டி, இன்று பிட்காயின் என்கிற ஊர் பேர் தெரியாத பணம். வித்தியாசம் அவ்வளவுதான்.

டில்லி எய்ம்ஸில் நடந்தது

இது எவ்வளவு பெரிய ஆபத்து என்று நம் நாட்டுக்கே உறைத்தது 2022 நவம்பர் 23 அன்றுதான். அன்று காலை டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கம்ப்யூட்டர்கள் வேலை செய்யவில்லை. நோயாளி பெயர்ப் பதிவு, டாக்டரைப் பார்க்க நேரம் ஒதுக்குதல், அட்மிஷன், டிஸ்சார்ஜ், லேபாரட்டரி முடிவு, பில் எல்லாம் 'இ-ஹாஸ்பிடல்' என்கிற ஏற்பாட்டில்தான் நடந்துகொண்டிருந்தன. அத்தனையும் நின்று போயின. தேசம் முழுவதிலுமிருந்து ரயிலேறி வந்து விடியற்காலையிலேயே வரிசையில் நிற்கும் ஜனங்கள் அங்கே எத்தனை பேர் என்று நினைத்துப் பாருங்கள். டாக்டர்களும் நர்சுகளும் பேப்பரும் பேனாவும் எடுத்துக் கையால் எழுத ஆரம்பித்தார்கள்.

ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டன, சுமார் 1.3 டெராபைட் அளவுள்ள விவரங்கள் பூட்டப்பட்டன என்று பிற்பாடு அரசாங்கம் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. சர்வர் என்பது பல கம்ப்யூட்டர்களுக்கும் சேர்த்து விவரங்களை வைத்திருக்கும் பெரிய கம்ப்யூட்டர், நம் பத்தாயம் மாதிரி. பணயமாக இவ்வளவு வேண்டும் என்று தொகை குறிப்பிட்டுக் கேட்கவில்லை, சர்வரில் ஒரு செய்தி மட்டும் விட்டுவைத்திருந்தார்கள் என்பதும் அரசு சொன்ன பதில்.

எப்படிப் பரவியதாம்? கம்ப்யூட்டர்களைத் தனித்தனிப் பகுதியாகப் பிரித்து வைக்காததுதான் காரணம் என்றார்கள். வீட்டில் நெல் அறை, சமையலறை, படுக்கையறை எதற்கும் நடுவில் கதவே இல்லை என்றால், கொல்லைப்புறமாக நுழைந்த எலி எல்லா அறைக்கும் போய்விடும் அல்லவா? அதே கதைதான்.

எப்படி மீண்டார்கள் என்பதுதான் நமக்கு முக்கியம். இ-ஹாஸ்பிடல் விவரங்களுக்கு இன்னொரு நகல் வேறொரு சர்வரில் இருந்தது. அந்தச் சர்வரை இந்தப் பீடை தொடவில்லை. அதிலிருந்து அத்தனையையும் எடுத்துப் புதிய சர்வர்களில் ஏற்றினார்கள். சுமார் இரண்டு வாரம் கழித்துப் பெரும்பாலான வேலைகள் பழையபடி நடக்க ஆரம்பித்தன. எய்ம்ஸைக் காப்பாற்றியது அந்த இரண்டாவது நகல்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

கோயில் உண்டியல் தத்துவம்

"பூட்டுத்தானே, ஒரு நல்ல ஆளைப் பிடித்துத் திறக்க முடியாதா?" என்று நாத்தனார் மகனிடம் கேட்டேன். அவன் சொன்னதை நம் பாஷையில் சொல்கிறேன்.

கோயில் உண்டியலைப் பார்த்திருக்கிறீர்களே. யார் வேண்டுமானாலும் உள்ளே போடலாம். எடுக்க மட்டும் சாவி உள்ளவர்களால்தான் முடியும். போட்ட நாமே மனம் மாறினாலும் எடுக்க முடியாது. ரான்சம்வேர் வரும்போது இப்படி ஓர் உண்டியலையும் கையோடு கொண்டுவருகிறது. அந்த உண்டியலின் சாவி எங்கோ வெளிநாட்டில் திருடன் இடுப்பில்.

உள்ளே வந்ததும் அது நம் கம்ப்யூட்டரிலேயே புத்தம் புதிதாக ஒரு சாவி செய்கிறது. அந்தச் சாவியால் போட்டோ, கணக்கு, கடிதம் என்று ஒவ்வொன்றையும் பூட்டுகிறது. பூட்டுவது என்றால், உள்ளே இருக்கும் எழுத்தையெல்லாம் ஒரு கணக்குப்படி குழப்பி அர்த்தமில்லாத குப்பையாக்கிவிடுவது. வேலை முடிந்ததும் அந்தச் சாவியை உண்டியலுக்குள் போட்டுவிட்டுத் தன்னிடம் இருப்பதை அழித்துவிடுகிறது. சாவி நம் வீட்டிலேயே, நம் கண் முன்னால் உண்டியலுக்குள் கிடக்கிறது. எடுக்கத்தான் முடியாது. கணக்கு சரியாகப் போட்டிருந்தால் உலகத்துக் கம்ப்யூட்டர்களையெல்லாம் சேர்த்து உட்காரவைத்தாலும் ஆயுசுக்குள் கண்டுபிடிக்க முடியாதாம். ஆகவே, "நான் திறந்து தருகிறேன், முதலில் பத்தாயிரம் கொடுங்கள்" என்று எவனாவது வந்தால் உஷார்.

இன்னொரு கெட்டிக்காரத்தனமும் உண்டு. பூட்டுவதற்கு முன்னால், பழைய நகல்களை விண்டோஸ் தானாகவே ஒதுக்கி வைத்திருந்தால் அவற்றைத் தேடி அழித்துவிடும். செருகியிருக்கும் பென்டிரைவ், ஹார்ட் டிஸ்க், ஒயரில் இணைந்த மற்ற கம்ப்யூட்டர் எல்லாவற்றிலும் போய்ப் பூட்டும். பெரிய கம்பெனிகளில் ஒரு வாரம் பத்து நாள்கூடச் சத்தமில்லாமல் உள்ளே சுற்றிப் பார்த்துவிட்டு, சனி ஞாயிறு ராத்திரியாகப் பார்த்துப் பூட்டுவார்களாம். 2019-க்குப் பிறகு, பூட்டும் முன் ஒரு நகலைத் திருடி வைத்துக்கொண்டு, "பணம் தராவிட்டால் ஊருக்கே காட்டிவிடுவேன்" என்று மிரட்டும் வழக்கமும் வந்துவிட்டது.

எந்த வழியாக நுழைகிறது?

தெரியாத இடத்திலிருந்து பில், கூரியர் ரசீது, வேலை உத்தரவு என்று மெயிலில் வரும் இணைப்பைத் திறப்பது ஒரு வழி. காசு கொடுத்து வாங்க வேண்டிய சாப்ட்வேரை "ஓசியில் கிடைக்கிறது" என்று கண்ட இடத்தில் இறக்குவது இரண்டாவது வழி. நம் ஊர்ப் பக்கத்து வீடுகளையும் சின்னக் கடைகளையும் அதிகம் கெடுப்பது இதுதான். தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரை இயக்கும் வசதிக்கு '12345' என்பது போல சொத்தைப் பாஸ்வேர்டு வைப்பது மூன்றாவது. அப்டேட் போடாமல் விட்டுவைப்பது நான்காவது.

அப்டேட் விஷயத்துக்கு 2017 மே மாதத்தை நினைவில் வையுங்கள். 'வான்னக்ரை' என்கிற ரான்சம்வேர் மே 12 அன்று கிளம்பி, சுமார் 150 தேசங்களில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களைப் பூட்டியது. சாவிக்கு 300 டாலர், மூன்று நாள் தாண்டினால் 600 டாலர். இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் சுமார் 19,000 நோயாளிகளின் முன்பதிவு ரத்தானதாகக் கணக்கிட்டார்கள். நம் ஒரகடத்திலுள்ள ரெனோ-நிஸ்ஸான் கார் தொழிற்சாலைக்கும் பாதிப்பு வந்ததாக அப்போது செய்தி வந்தது. இத்தனைக்கும் அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் மார்ச் மாதமே, அதாவது இரண்டு மாதம் முன்பே, கொடுத்துவிட்டது. போட்டவர்கள் பிழைத்தார்கள். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்றவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

நம் தமிழ்நாட்டிலும் நடந்திருக்கிறது. 2021 செப்டம்பரில் சென்னைத் தலைமைச் செயலகத்தில் பொதுத் துறையின் கம்ப்யூட்டர்கள் பூட்டப்பட்டு 1,950 டாலர் கேட்கப்பட்டது. 2024 ஜூலை இறுதியில், கூட்டுறவு வங்கிகளுக்கும் கிராம வங்கிகளுக்கும் கம்ப்யூட்டர் சேவை தரும் ஸி-எட்ஜ் என்ற கம்பெனியில் ரான்சம்வேர் புகுந்தது. அது மற்ற இடங்களுக்குப் பரவாமலிருக்க அந்தக் கம்பெனியின் தொடர்பைத் துண்டித்தார்கள். நாடு முழுவதும் ஏறக்குறைய 300 சிறு வங்கிகளின் வாடிக்கையாளர்களுக்கு அப்போது யு.பி.ஐ., ஏ.டி.எம். எதுவும் வேலை செய்யவில்லை. ஆகஸ்ட் 1 அன்றுதான் சரியாயிற்று. பயிர்க் கடனும் நகைக் கடனும் கூட்டுறவில் வைத்திருக்கும் நம் டெல்டா ஜனங்களுக்கு இது தூரத்து விஷயமா, சொல்லுங்கள்?

ஸ்டுடியோக்காரத் தம்பியின் கதை

எங்கள் பக்கத்துத் தெருவில் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோ வைத்திருக்கிறது ஒரு பிள்ளை. ஒரு நாள் முகமெல்லாம் வெளிறிப் போய் வந்தது. "அக்கா, உங்க மருமகனுக்கு ஒரு போன் போட்டுத் தாங்க. ஏழு கல்யாணம் போச்சு அக்கா" என்றது. போட்டோ அழகுபடுத்தும் சாப்ட்வேரை யாரோ ஓசியில் கொடுத்தார்கள் என்று கடைப் பையன் ஏற்றியிருக்கிறான். ஒரு மணி நேரத்தில் அத்தனை பைல்களின் பெயருக்குப் பின்னாலும் நான்கு எழுத்து வால் முளைத்துவிட்டது. ஒவ்வொரு போல்டரிலும் ஒரு சீட்டு. சாவிக்கு 980 டாலர், 72 மணி நேரத்துக்குள் பேசினால் பாதி, 490 டாலர்.

நாத்தனார் மகன் சீட்டைப் பார்த்ததுமே சொல்லிவிட்டான், இது 'ஸ்டாப்' அல்லது 'டிஜாவு' என்கிற குடும்பத்தைச் சேர்ந்தது என்று. இது பூட்டும்போது நெட் தொடர்பு கிடைக்காவிட்டால் தன் கையிலிருக்கும் பொதுச் சாவி ஒன்றைப் போட்டுவிடுமாம். அந்தச் சாவி ஒருவருக்குக் கிடைத்தால் மற்றவர்களுக்கும் உதவும். எம்ஸிசாஃப்ட் என்ற கம்பெனி அதற்கென்று இலவசத் திறப்பான் வைத்திருக்கிறது. போட்டுப் பார்த்தார்கள். இவருக்குத் தனிச் சாவி போட்டிருந்தது. திறக்கவில்லை.

அந்த ஏழில் ஒரு கல்யாணம் எனக்குத் தெரிந்த அம்மா ஒருவரின் மகளுடையது. கல்யாணம் முடிந்து நாற்பதாம் நாள் அந்த அம்மாவின் வீட்டுக்காரர் மாரடைப்பில் போய்விட்டார். அவர் மகளைத் தாரை வார்த்துக் கொடுத்த வீடியோ இந்தக் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்தது. அந்த அம்மா என்னிடம், "ஐந்நூறு டாலர்னா எவ்வளவு ரூபாய்? என் வளையலைத் தரேன்" என்றார். எனக்கு வாயடைத்துவிட்டது.

பணம் கொடுக்கவில்லை. நல்ல வேளையாக, இந்த வகை ரான்சம்வேர் அவசரக் குடுக்கை. ஒவ்வொரு பைலிலும் முதல் 150 கிலோபைட் அளவைத்தான் குழப்பும். பெரிய வீடியோவுக்கு அது பஞ்சாங்கத்தில் முதல் பக்கத்தைக் கிழித்தது மாதிரி. அதே கேமராவில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாக வைத்து, கிழிந்த முதல் பக்கத்தைச் சரிசெய்யும் இலவசக் கருவி உண்டு. அதைக் கொண்டு பெரும்பாலான வீடியோக்களை ஓடவைத்துவிட்டார்கள். தொடக்கத்தில் சில விநாடிகள்தான் நஷ்டம். போட்டோக்களில் பாதிக்கு மேல் போனது போனதுதான். ஆல்பம் அச்சடிக்கும் லேபுக்கு அனுப்பியிருந்த நகலும், கேமரா கார்டில் அழித்த பிறகும் மிச்சமிருந்ததும் கொஞ்சம் கிடைத்தன. அந்த அம்மா தாரை வார்க்கும் காட்சியை எங்கள் வீட்டில் உட்கார்ந்துதான் பார்த்தார். இரண்டு முறை பார்த்துவிட்டு, "இன்னும் நாலு காப்பி போட்டுக் குடு தம்பி" என்றார். அந்த ஒரு வார்த்தையில் இந்தக் கட்டுரை முழுவதும் அடங்கிவிட்டது.

பணம் கொடுத்தால் என்ன?

நியாயமான கேள்வி. கொடுத்தவர்களில் சிலருக்குச் சாவி கிடைத்திருக்கிறது என்பதும் உண்மை. ஆனால் நிச்சயமில்லை. 2017 ஜூன் 27 அன்று கிளம்பிய 'நாட்பெட்யா' பணம் கேட்டது. ஆனால் அதற்குச் சாவியே கிடையாது. அழிப்பதற்கென்றே வந்த நாசகாரி அது. மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் மேர்ஸ்க் கம்பெனியின் சரக்குத் தளம்கூட முடங்கியது. 2024 பிப்ரவரியில் 'லாக்பிட்' என்கிற கும்பலின் சர்வர்களைப் பல நாட்டுப் போலீஸார் சேர்ந்து பிடித்தபோது, பணம் கொடுத்தவர்களின் விவரங்கள்கூட அழிக்கப்படாமல் அங்கேயே இருந்தன. "அழித்துவிட்டேன்" என்று சத்தியம் செய்திருந்தான் திருடன்! அவன் சத்தியத்துக்கு என்ன மதிப்பு? போதாததற்கு, ஒருமுறை கொடுத்த வீடு என்று தெரிந்தால் மறுபடியும் கதவைத் தட்டுவான்.

பூட்டிவிட்டது என்று தெரிந்தால் உடனே செய்ய வேண்டியவை

1. முதல் வேலை, நெட் ஒயரைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். பென்டிரைவ், ஹார்ட் டிஸ்க் எது செருகியிருந்தாலும் எடுத்துவிடுங்கள். தொடர்பைத் துண்டித்த பிறகும் கண் முன்னாலேயே பைல்கள் பெயர் மாறிக்கொண்டே போனால் மெயின் ஸ்விட்சையே அணைத்துவிடலாம், மிச்சமாவது பிழைக்கும். பூட்டி முடிந்துவிட்டது என்றால் அவசரப்பட்டு அணைக்க வேண்டாம். வான்னக்ரை சமயத்தில், அணைக்காமல் விட்டிருந்த சில பழைய கம்ப்யூட்டர்களின் நினைவகத்தில் சாவியின் சுவடு மிச்சமிருந்து, அதைக் கொண்டு திறந்திருக்கிறார்கள்.

2. "பேக்கப் இருக்கிறதே" என்று சந்தோஷமாக அந்த டிஸ்க்கைக் கொண்டுவந்து செருகிவிடாதீர்கள். அதையும் பூட்டிவிடும்.

3. மிரட்டல் சீட்டைச் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பூட்டிய பைல்களைக் கோபத்தில் அழிக்காதீர்கள். தனி டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். இன்றைக்கு இல்லாத சாவி நாளைக்கு வரலாம். 2013-ல் ஆட்டிப்படைத்த 'கிரிப்டோலாக்கர்' கும்பலை 2014-ல் முடக்கிய பிறகு, அதன் சாவிகள் கிடைத்து எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து கொடுத்தார்கள்.

4. 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். மத்திய அரசின் சைபர் குற்ற உதவி எண் அது. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் புகார் பதியலாம். கம்பெனியோ ஆபீஸோ ஆனால், தெரிந்த 6 மணி நேரத்துக்குள் 'செர்ட்-இன்' என்ற மத்திய அமைப்புக்குத் தகவல் தர வேண்டும் என்று 2022-லிருந்து உத்தரவு உண்டு.

5. 'நோ மோர் ரான்சம்' என்று ஒரு திட்டம் 2016-லிருந்து நடக்கிறது. நெதர்லாந்து போலீஸும் யூரோபோல் அமைப்பும் பாதுகாப்புக் கம்பெனிகளும் சேர்ந்து ஆரம்பித்தது. பூட்டிய பைலையும் சீட்டையும் கொடுத்தால் எந்த வகைப் பூட்டு, இலவசச் சாவி உண்டா என்று சொல்லும். சல்லிக்காசு வாங்குவதில்லை.

6. கம்ப்யூட்டரை முழுவதும் துடைத்து, புதிதாக விண்டோஸ் ஏற்றிய பிறகுதான் பேக்கப்பைத் தொட வேண்டும். பாத்திரத்தைத் தேய்க்காமல் புதுப் பாலை ஊற்றினால் திரிந்துதானே போகும்?

7. பாங்க், மெயில் பாஸ்வேர்டுகளை வேறு போனிலிருந்தோ கம்ப்யூட்டரிலிருந்தோ மாற்றுங்கள். ஓசி சாப்ட்வேரோடு வருபவை பாஸ்வேர்டையும் சேர்த்தே திருடுவது வழக்கம்.

விதைநெல் மாதிரி ஒரு நகல்

நம் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து சாப்பாட்டு நெல் பத்தாயத்தில், விதைநெல் தனியே கோட்டை கட்டி உயரத்தில். பத்தாயத்தில் பூஞ்சை பிடித்தாலும், எலி புகுந்தாலும், பஞ்சமே வந்தாலும் விதைநெல்லில் கை வைக்க மாட்டார்கள். அது இருந்தால் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்ததும் மறுபடி நாற்று விடலாம். கம்ப்யூட்டருக்கு பேக்கப்தான் விதைநெல்.

கணக்கு சுலபம். முக்கியமானது எதற்கும் மூன்று நகல். இரண்டு விதமான இடத்தில். அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கி, மாதம் ஒரு நாள், அமாவாசை என்று வைத்துக்கொள்ளுங்களேன், மறக்காது, செருகி நகல் எடுத்துவிட்டு, கழற்றி பீரோவில் வையுங்கள். கழற்றுவதுதான் முக்கியம். செருகியபடியே இருக்கும் டிஸ்க், பத்தாயத்திலேயே கலந்து கொட்டிய விதைநெல். இன்னொரு நகலைத் தங்கை வீட்டிலோ மகள் வீட்டிலோ கொடுத்து வையுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது கூரையோடு பத்திரம், சர்டிபிகேட் எல்லாம் நனைந்து போன குடும்பங்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நெட்டில் வைக்கிறோமே, கூகுளில் இருக்கிறதே என்பார்கள். நல்லதுதான். ஆனால் கம்ப்யூட்டரில் மாறுவது அங்கேயும் உடனே மாறும்படி வைத்திருந்தால், பூட்டிய குப்பையும் அங்கே போய்ச் சேரும். பழைய பிரதியைச் சில நாள் வைத்திருப்பார்கள், சீக்கிரம் கவனித்தால் மீட்கலாம். ஆகவே அது ஒன்றை மட்டும் நம்ப வேண்டாம்.

விதைநெல்லை விதைக்கும் முன் ஒரு பிடியை ஈரத்துணியில் கட்டி முளைப்பு பார்ப்போம் இல்லையா? பேக்கப்பையும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை திறந்து நாலு போட்டோ தெரிகிறதா என்று பாருங்கள். முளைக்காத விதையும் திறக்காத பேக்கப்பும் ஒன்று.

நாட்பெட்யாவில் மாட்டிய மேர்ஸ்க் கம்பெனியின் கதையைக் கேளுங்கள். உலகம் முழுவதும் அவர்கள் கம்ப்யூட்டர்களை வழிநடத்தும் முக்கியமான சர்வர்கள் அத்தனையும் அழிந்துவிட்டன. ஒன்றுக்கொன்று நகல் என்று வைத்திருந்தார்கள், ஆனால் எல்லாம் ஒரே ஒயரில். மிஞ்சியது ஆப்பிரிக்காவில் கானா நாட்டு ஆபீஸில் ஒன்றே ஒன்று. காரணம், அந்த நேரத்தில் அங்கே கரண்ட் கட்! மின்வெட்டால் தப்பித்த அந்த ஒன்றிலிருந்துதான் கம்பெனியே மறுபடி எழுந்தது. மின்வெட்டை நாம் எத்தனை திட்டியிருப்போம்! கழற்றி வைத்த நகலின் அருமை இதைவிட யார் சொல்ல முடியும்?

மருத்துவ பைல் ஒன்று போடுங்கள்

இது வீட்டு வைத்தியப் பக்கம் என்பதால் ஒன்று சொல்லி முடிக்கிறேன். எய்ம்ஸுக்கே இரண்டு வாரம் ஆனது என்றால், மற்ற ஆஸ்பத்திரிகளில் ஒரு நாள் கம்ப்யூட்டர் நின்றால் நம் பழைய விவரத்தை யார் சொல்வார்கள்? வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு காகித பைல் போடுங்கள். ரத்த வகை, ஒத்துக்கொள்ளாத மருந்து, தினம் சாப்பிடும் மாத்திரையின் பெயரும் அளவும், கடைசி டாக்டர் சீட்டு, ஆபரேஷன் ஆகியிருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனை, ஈ.ஸி.ஜி. இவ்வளவு போதும். ஈ.ஸி.ஜி. தாள் நாளாக ஆக மங்கிவிடும், ஒரு ஜெராக்ஸ் எடுத்துச் சேருங்கள். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் பெயர், வயது, அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய போன் எண். ராத்திரி இரண்டு மணிக்கு ஆம்புலன்ஸில் ஏறும்போது கையில் எடுத்துக்கொண்டு ஓட இதைவிட நல்ல பேக்கப் கிடையாது.

கும்பகோணத்துச் சகோதரிக்கு: உங்கள் மகனிடம் பணம் அனுப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். மேலே சொன்ன ஏழையும் வரிசையாகச் செய்யச் சொல்லுங்கள். வீடியோக்கள் இருந்தால் நம்பிக்கை உண்டு. மற்றவற்றுக்கு, மெயிலில் அனுப்பியது, உறவுக்காரர் வாட்ஸ்அப்பில் இருப்பது, அச்சடித்தது என்று தேடினால் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே கிடைக்கும்.

மற்ற சகோதரிகளுக்கு ஒரு சின்ன வேலை. வருகிற அமாவாசையன்று எள்ளும் தண்ணீரும் இறைத்த கையோடு, பிள்ளைகளைக் கூப்பிட்டு ஒரு நகல் எடுக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று, டிஸ்க்கைக் கழற்றி பீரோவில் வைக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். அடுத்த இதழில் சுண்டைக்காய், மணத்தக்காளி வற்றல் போடும் முறையோடு சந்திக்கிறேன்.